ஹலீமா பீ கட்டிய மூன்று நரம்புகள்

ஆம்பூரில் ஓர் ஆடு அறுபட்டால் அதில் வீணாகப் போவது என்று எதுவும் கிடையாது. தோல் பதனாகி மெட்ராஸ் வழியாகக் கப்பலேறும். கறி சட்டிக்குப் போகும். கொம்புக்கும் முடிக்கும்கூட ஆள் வருவார்கள். குடல் மட்டும் காலையில் ஒரு தகர வாளியில் எங்கள் தெருவுக்கு, ஹலீமா பீயின் வீட்டுக்கு வரும். ஊரே தோல் வாடையில் மிதக்கும்போது ஒரு வாளிக் குடல் என்ன பெரிதாக நாறிவிடப் போகிறது? நாங்கள் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

ஹலீமா பீ குடலிலிருந்து நரம்பு திரிப்பவர். அவருடைய வீட்டுக்காரர் ரஃபி அகமது பஞ்சு அடிப்பவர். ஆள் உயர வில் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அமுங்கிப்போன மெத்தையைப் பிரித்து, பஞ்சை அந்த வில்லின் நரம்பில் பட வைத்து, கொட்டாப்புளியால் நரம்பைத் தட்டித் தட்டிப் பஞ்சைப் பறக்கவிடுவார். வில்லுக்கு உயிர் அந்த நரம்பில்தான். குடியாத்தம், வாணியம்பாடி, ஆலங்காயம் வரைக்கும் இருந்த பஞ்சுக்காரர்கள் ‘ரஃபி பாய் நரம்பு’ என்று கேட்டு வாங்கிப் போவார்கள். ரஃபி பாய் தன் ஆயுளில் அதுவரை ஒரு நரம்புகூடத் திரித்தவர் இல்லை. கழுவியது, சுரண்டியது, திரித்தது எல்லாம் ஹலீமா பீ. பெயர் மட்டும் அவருக்கு. இதை எழுதும்போது எனக்குத்தான் கோபம் வருகிறது. அந்த அம்மாளுக்கு வந்ததாகத் தெரியவில்லை. சாமான் நல்லா இருக்குதா, அது போதும் என்பார்.

அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. பிள்ளை கிடையாது. கோஷா வீடு என்பதால் வெளியே போவது அபூர்வம். வீட்டின் பின்கட்டில் எதிரெதிராக நட்ட இரண்டு முளைகளுக்கு நடுவே, நாள் முழுக்க முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பார். முறுக்கிய நரம்பை அந்த முளைகளில் இழுத்துக் கட்டிக் காயவிடுவார். காய்ந்ததும் விரலால் ஒரு சுண்டு. அந்தச் சத்தம் காதுக்குச் சரியாக வரவில்லை என்றால் நரம்பு அடுப்புக்குப் போய்விடும். வாங்குகிறவன் கண்டுபிடிப்பானா மாட்டானா என்ற பேச்சே கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதத்தில் ரஃபி பாயின் இருமல் முற்றிப்போனது. இருபது வருஷம் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்தவர். வேலூர் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இனி பஞ்சுப் பக்கம் போகக் கூடாது, ஈரத்திலும் நிற்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். பஞ்சை விட்டால் ஆம்பூரில் அவருக்குத் தெரிந்த வேலை எது? தோல் பதனிடும் இடத்தை நாங்கள் தோல் ஷாப் என்போம். அதன் மேஸ்திரி இஷ்தியாக் அகமது நல்ல மனிதர். ஏப்ரல் ஒண்ணாம் தேதியிலிருந்து சுண்ணாம்புத் தொட்டியில் ஓர் ஆள் இடம் காலியாகிறது, ரஃபி பாய்க்கே தருகிறேன் என்றார். உதவி என்று நினைத்துத்தான் சொன்னார்.

சுண்ணாம்புத் தொட்டி என்றால் தொடை அளவு சுண்ணாம்புத் தண்ணீரில் இறங்கி நின்று, ஊறும் தோல்களைப் புரட்டிப் போடுவது. ஹலீமா பீயின் தகப்பனார் அந்த வேலை பார்த்தவர். கால் விரல் இடுக்கில் சுண்ணாம்பு தின்ற புண்களுக்கு எண்ணெய் தடவி வளர்ந்த பெண் அவர். நல்ல உடம்போடு இறங்கியவரே நாற்பத்தைந்தில் போய்ச் சேர்ந்தார். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இவர் இறங்கினால் மழைக்காலம் தாண்ட மாட்டார் என்று ஹலீமா பீக்கு உறுதியாகத் தெரியும். பதில் சொல்ல மாசக் கடைசி வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லி, வீட்டுக்காரரை மேஸ்திரியிடம் தவணை வாங்க வைத்தார். பஞ்சுக்காரர்கள் வாங்கும் நரம்பை மட்டும் நம்பி இரண்டு பேர் சாப்பிட முடியாது. வேறு யாராவது நரம்பு வாங்குவார்களா என்று யோசித்தார். யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

டாக்டர் பேச்சைக் கேட்காமல், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கடைசி வேலை என்று சொல்லி ரஃபி பாய் ஜோலார்பேட்டைக்குப் போனார். ரயில்வே குடியிருப்பில் ரொசாரியோ என்று ஓர் ஆங்கிலோ இந்திய இன்ஜின் டிரைவர். அவர் சம்சாரத்தை எல்லோரும் ரொசாரியோ தொரசானி என்பார்கள். ஐம்பது வயது, கனத்த சரீரம், நாக்கு நீளம். அந்த வீட்டில் நான்கு மெத்தைகள். ரஃபி பாய் பஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போது தொரசானி வெளியே வந்து, பஞ்சைப் பார்க்காமல் வில்லையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அந்த நரம்பு யார் செய்தது என்று கேட்டார். ரஃபி பாய் வழக்கம்போல ‘நாங்கதான்’ என்றார்.

தொரசானி உள்ளே போய் ஒரு கித்தாரைக் கொண்டுவந்தார். அதில் ஆறு நரம்பு. மேல் மூன்றும் பட்டுநூலின் மேல் மெல்லிய கம்பி சுற்றியவை, அவை நன்றாக இருந்தன. கீழ் மூன்றும் வெறும் குடல் நரம்பு. ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் அவர்களுக்கு ஆட்டம் பாட்டம் கிடையாது. பெட்டியில் மூடி வைத்திருந்ததைத் திறந்து பார்த்தால் கீழ் மூன்றும் அறுந்து சுருண்டு கிடக்கின்றன. மெட்ராஸ் கடைக்கு எழுதிக் கேட்டதற்கு, கப்பல் வந்தால்தான் உண்டு, மே மாதம் ஆகும் என்று பதில். ஈஸ்டர் மறுநாள் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ். அங்கே இருக்கும் பியானோவில் பாதிக் கட்டைகளைக் கரையான் தின்றுவிட்டது. பிடில் வாசிக்க ஓர் ஆள் உண்டு. கித்தார் இல்லாவிட்டால் அந்த ஒற்றைப் பிடிலுக்கு யார் ஆடுவார்கள்? வில்லுக்கு நரம்பு கட்டுகிற உங்களால் இதற்குக் கட்ட முடியுமா என்று கேட்டார். சரியாக வந்தால் அரக்கோணத்திலும் போத்தனூரிலும் தன் சொந்தக்காரர்கள் வீடுகளில் எல்லாம் கித்தாரும் பிடிலும் நரம்பில்லாமல் தொங்குகின்றன, எல்லோருக்கும் எழுதுகிறேன் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வார்த்தையை ரஃபி பாய் ஏதோ கூடுதல் சமாசாரம் போலத்தான் வீட்டில் வந்து சொன்னார். ஹலீமா பீக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்தது. கித்தாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த மாதிரி ஒன்றை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்றே முதலில் புரியவில்லை. தலைப்பக்கம் ஆறு திருகுகள். அடியில் வயிற்றின் மேல் ஒட்டிய ஒரு மரக்கட்டை, அதில் ஆறு துளைகள். அறுந்துபோன நரம்பின் நுனிகள் அந்தத் துளைகளில் இன்னும் சுற்றிக் கிடந்தன. ஹலீமா பீ அவற்றை உடனே பிடுங்கிவிடவில்லை. முதலில் ஒரு நூலை எடுத்து, பழைய முடிச்சு எப்படிப் போகிறதோ அப்படியே அதன் பக்கத்தில் வைத்துப் போட்டுப் பார்த்தார். துளைக்குள் நுழைந்து, திரும்பி வந்து, தன் கழுத்தைத் தானே சுற்றி, தன் அடியிலேயே செருகிக்கொள்ளும் முடிச்சு. அதை மூன்று தரம் நூலில் போட்டுக் கைக்குப் பழக்கிய பிறகுதான் பழையதை அவிழ்த்தார். மேல் மூன்று நரம்புகளைத் தொடவே இல்லை. ஒழுங்காக இருப்பதில் கை வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

கனத்துக்கு ஒரு வழி செய்தார். ஒரு பனையோலைத் துண்டில், பழைய நரம்பு மூன்றும் இறுக்கமாக நுழையும்படி மூன்று துளைகள் போட்டார். புது நரம்பு அதே துளையில் அதே இறுக்கத்தோடு நுழைய வேண்டும். வில் நரம்பு சுண்டுவிரலில் பாதி இருக்கும். இதில் மெலிந்தது தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி. குட்டி ஆட்டின் குடலை நீளவாக்கில் கீறி, அந்தக் கீற்றுகளில் இரண்டை மட்டும் சேர்த்துத் திரித்தார். ஏழெட்டு அறுந்து போயின. ஒன்பதாவது நின்றது.

இந்த இடத்தில்தான் என் தகப்பனார் மக்பூல் அகமது கதைக்குள் வருகிறார். அடுத்த வீடு நாங்கள். அப்பா தோல் ஷாப்பில் பட்டைத் தொட்டி பார்ப்பவர். ஆவாரம் பட்டையை இடித்து ஊறப்போட்ட சிவப்புத் தண்ணீர், அதில்தான் தோல் பதனாகும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பட்டைத் தண்ணீரின் மேல் உள்ள நம்பிக்கை சொல்லி முடியாது. வாய்ப்புண்ணா, பட்டைத் தண்ணீரில் கொப்பளி. மீன் வலை இத்துப்போகிறதா, பட்டைத் தண்ணீரில் முக்கு. ஆட்டிலிருந்து வந்த எதுவும் பட்டை குடிக்காமல் நிலைக்காது என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

“பாபி, வில்லு நரம்புன்னா மாசத்துக்கு ஒண்ணு மாத்தலாம். இது தொரசானி வீட்டு சாமான். ரெண்டு நாள் பட்டையில ஊறட்டும், பத்து வருஷம் கெடாது” என்றார் அப்பா. ஒரு மண்பானை நிறையக் கொண்டுவந்தும் வைத்துவிட்டார்.

ஹலீமா பீ தன் வில் நரம்புகளை ஒரு நாளும் பட்டையில் போட்டவர் இல்லை. ஆனால் இது சாதாரண வேலையா? இந்த மூன்று நரம்பில்தான் வீட்டுக்காரரின் உயிர் தொங்குகிறது என்று அவர் நினைத்தார். வழக்கத்தைவிட ஒரு படி கூடச் செய்தால்தான் மனசு ஆறும். பயந்துபோய் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. ரெண்டு நாள் ஊறப்போட்டார்.

வெளியே எடுத்தபோது நரம்புகள் தேன் நிறத்தில் மின்னின. தொட்டால் மிருது. தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். நூலில் பழகிய முடிச்சைப் போட்டு, திருகில் சுற்றி இறுக்கினார். திருகத் திருக நரம்பு நீண்டுகொண்டே போயிற்று. ஒரு வழியாக நின்றதும் சுண்டிப் பார்த்தார். தொப் என்றது. ஈரத் துணியைத் தரையில் போட்ட சத்தம்.

அவர் காதுக்கு அது சரியில்லை என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. வில் நரம்பு அப்படிச் சத்தம் கொடுத்திருந்தால் அடுப்புக்குப் போயிருக்கும். ஆனால் கித்தார் எப்படிச் சத்தம் போடும் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லையே. யோசித்து யோசித்து ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். இது பொம்பளை வாசிக்கிற வாத்தியம், வீட்டுக்குள் வைத்து வாசிப்பது, பஞ்சு வில் மாதிரித் தெருவுக்கே கேட்கிறாற்போல் கத்துமா? மெதுவாகத்தான் இருக்கும். இந்த நியாயத்தை அவர் பிற்பாடு எங்களிடம் சொல்லும்போது தன் தலையில் தானே தட்டிக்கொள்வார்.

ரஃபி பாய் கித்தாரை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினார். தொரசானி வாங்கி ஒரு தரம் விரலை ஓட்டிவிட்டு, ஊமைக்கு எண்ணெய் தடவிக் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டாராம். அப்புறம், பரவாயில்லை ரஃபி, உன்னால் ஆனதைச் செய்தாய், மே மாதம் பார்த்துக்கொள்கிறேன் என்று கித்தாரை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றார் ரஃபி பாய். வருகிற வழியிலேயே மேஸ்திரியைப் பார்த்து, ஒண்ணாம் தேதி வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டும் வந்திருந்தார்.

அன்றைக்கு ஹலீமா பீ அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை. அம்மா எங்கள் வீட்டிலிருந்து சோறு கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் காலையில் ஓலைத் துண்டை எடுத்துத் தூர எறியப் போனவர், அதோடு சுருட்டி வைத்திருந்த பழைய சீமை நரம்பைப் பார்த்தார். அறுந்த துண்டுதான், ஒன்றரை முழம் இருக்கும். என்ன தோன்றிற்றோ, ஒரு நுனியை முளையில் கட்டி, மறு நுனியைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்துச் சுண்டினார். கணீரென்று கேட்டது. திரும்பச் சுண்டினார். திரும்பவும் கணீர். இறுகக் கட்டிய வில் நரம்பின் அதே சுபாவம், குரல்தான் சன்னம்.

அப்புறம் அவர் செய்ததை எங்கள் ஊர்க்காரர்கள்தான் செய்வார்கள். அந்தத் துண்டை வாயில் வைத்துக் கடித்தார். தோல் ஷாப்பில் பட்டை உள்ளே இறங்கிவிட்டதா என்று ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். இறங்கியிருந்தால் துவர்க்கும். பதன் பார்க்க அதைவிடச் சுருக்கு வழி கிடையாது. சீமை நரம்பு துவர்க்கவில்லை. வெறும் சப்பு. தான் செய்ததில் மிச்சமிருந்த துண்டைக் கடித்தார். நாக்கு இழுத்துக்கொண்டது.

சுவரைத் தாண்டி என் தகப்பனாரைக் கூப்பிட்டார்.

“மக்பூல் பாய், செருப்புக்கும் நரம்புக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா நீங்க?”

அப்பா உடனே போய்ப் பட்டைப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய வாழ்க்கையில் பட்டைத் தண்ணீருக்கு எதிராக யாரும் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வாரம் முழுக்க நல்ல குட்டி ஆட்டுக் குடலாகப் பொறுக்கி வாங்கி வந்து அந்த வீட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஈஸ்டருக்கு முன்னால் கையில் ஏழு நாள். ஹலீமா பீ இந்தத் தரம் எதையும் கூடச் செய்யவில்லை. எப்போதும் செய்கிறபடியே சாம்பல் தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போட்டார். மூங்கில் சீவலால் சதை, கொழுப்பு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார். கீறினார், திரித்தார், நிழலில் இழுத்துக் கட்டினார். பங்குனி வெயில் அடித்துக்கொண்டிருந்ததால் ஈரத் துணியைச் சுற்றிலும் தொங்கவிட்டு, மெதுவாகக் காய வைத்தார். ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்தார். காதுக்கு ஒப்பாத பதினொன்று அடுப்புக்குப் போயின. ஒவ்வொரு கனத்திலும் ஒன்று நின்றது. மெலிந்ததில் மட்டும் இரண்டு.

அதை வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்ப அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“நான் வர்றேன். நானே கட்டணும்” என்றார்.

ரஃபி பாய் திகைத்துப்போனார். ஒரு தடவை முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது, தொரசானி நம்மைக் கூப்பிடவும் இல்லை, இதில் நீ வேறு அங்கே வருவதா என்று இழுத்தார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றும் கேட்டார். அதற்கு ஹலீமா பீ சொன்ன பதில் எங்கள் தெருவில் ரொம்ப நாள் பேசப்பட்டது.

“நீங்க தொட்டியில இறங்கிச் செத்துப்போனா அந்த நாலு பேரு வந்து தூக்குவாங்க. அவ்ளோதான் அவங்களால முடியும். கெளம்புங்க.”

சனிக்கிழமை காலைப் பாசஞ்சரில் பெண்கள் பெட்டியில் ஏறினார். கல்யாணமாகி வந்த பிறகு அவர் ரயில் ஏறியது அதுதான் இரண்டாம் தடவை. மடியில் ஓலைக் கூடை, கூடைக்குள் துணியில் சுற்றிய நான்கு நரம்புகள். வாணியம்பாடி தாண்டும் வரைக்கும் பயமாக இருந்தது, ரொம்பப் பயமாக இருந்தது என்பார்.

ரொசாரியோ டிரைவர் டியூட்டியில் போயிருந்தார். ரஃபி பாய் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். தொரசானிக்கு முதலில் விஷயமே புரியவில்லை. புர்காவுக்குள்ளிருந்து கையை நீட்டி, கித்தாரைக் கொடுங்கள் என்று கேட்கிற இந்தப் பெண் யார் என்று ரஃபி பாயைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

ரஃபி பாய் எழுந்து நின்றார். “நரம்பு செய்றது இவங்கதான், அம்மா. நான் இல்ல. எப்பவுமே நான் இல்ல” என்றார்.

தொரசானி ஹலீமா பீயைச் சமையலறைக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, ஸ்டூல் போட்டார். ஹலீமா பீ முகத்திரையைத் தூக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தார். பட்டை குடித்த மூன்றையும் அவிழ்த்து எறிந்தார். கனமான நரம்பைக் கட்டி இறுக்கினார். திருகும்போதே சுண்டிக்கொண்டு வந்தார். சத்தம் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் கணீரென்று நின்றது. தொரசானி அடுப்பில் வைத்திருந்ததை மறந்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தார். இரண்டாவதும் அப்படியே. புது நரம்பு இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். தொரசானி ஏற்ற, அது இறங்க, மறுபடி ஏற்ற, இப்படி ஒரு மணி நேரம் போயிற்று. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் புரிந்தது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மூன்றாவது, மெலிந்தது. தொரசானி தன் வழக்கமான அளவுக்கு ஏற்றினார். பட்டென்று அறுந்து அவர் மணிக்கட்டில் அடித்தது. மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. ஹலீமா பீ அதைக் கட்டிவிட்டு, திருகைத் தொரசானியின் கையில் கொடுக்கவில்லை. கித்தாரின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு தானே திருகினார். குடல் நரம்பு அறுவதற்கு முன்னால் ஒரு மாதிரி முனகும் என்பது பதினெட்டு வருஷம் திரித்தவருக்குத் தெரியும். முனகல் ஆரம்பிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டார்.

தொரசானி சுண்டிப் பார்த்தார். நல்ல சத்தம், ஆனால் இருக்க வேண்டிய இடத்துக்கு ஓர் அரைப் படி கீழே. இன்னும் கொஞ்சம் என்று சைகை காட்டினார். ஹலீமா பீ திருகின் மேல் கையை மூடிக்கொண்டார்.

“இதுக்கு மேல வேணாம் தொரசானி. இது இங்கதான் நிக்கும். மத்ததை இறக்குங்க.”

தொரசானி கித்தாரைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு திருகாக, மற்ற ஐந்தையும் அந்த ஒன்றின் அளவுக்கு இறக்கிக் கட்டினார். மொத்தமாக விரலை ஓட்டினார். அந்தச் சின்னச் சமையலறையில் தகர டப்பாக்கள்கூட அதிர்ந்தன. ஹலீமா பீ வாழ்க்கையில் முதல் தடவையாகக் கித்தார் கேட்டது அப்போதுதான். தன் கையால் முறுக்கியது இப்படிப் பேசுமா என்று அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, இதோடு சேர்ந்து வாசிக்கப் பிடிலையும் இறக்க வேண்டுமே, பிடில்காரர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டார்.

“பிடில்காரர் இறங்கி வரட்டும். எத்தினி வருஷமா நான் அவருக்கு ஏறிப் போறேன்” என்றார் தொரசானி.

டான்ஸுக்கு ஹலீமா பீ போகவில்லை, போகவும் முடியாது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் பின்கட்டில் முளைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார். குடலைச் சாம்பல் தண்ணீரில் ஊறப்போட்டதோடு சரி, நரம்பு எதுவும் திரிக்கவில்லை, சும்மா நடந்தார். நடுவில் அறுந்திருந்தால் இருநூறு பேர் முன்னால் தொரசானிக்குத் தலைகுனிவு. அப்புறம் யார் அரக்கோணத்துக்கு எழுதப் போகிறார்கள்? புதன்கிழமையும் சேதி இல்லை. ரஃபி பாய் தொட்டி வேலைக்குப் போகப் பழைய லுங்கிகளை எடுத்து வைத்துக்கொண்டார். ஹலீமா பீ அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் பாசஞ்சர் வண்டியின் கார்டு, ஸ்டேஷனில் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொடுத்து, பஞ்சுக்காரர் வீட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனார். தகரத்துக்குள் ஒரு ஈஸ்டர் கேக், ஒரு கடிதம். கடிதத்தை எங்கள் அப்பாதான் படித்துச் சொன்னார். நரம்பு கடைசிப் பாட்டு வரைக்கும் நின்றது, ஆடினவர்கள் விடவில்லை, பிடில்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வாசித்தார் என்று எழுதியிருந்தது. அடியில் பெயர்கள். அரக்கோணத்தில் நான்கு வீடு, போத்தனூரில் மூன்று, ஜோலார்பேட்டையிலேயே ஐந்து. இன்ன வாத்தியம், எத்தனை நரம்பு என்று எதிரே எழுதி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பழைய நரம்பின் ஒரு துண்டை அளவுக்காக நூலில் கட்டி வைத்திருந்தார். மொத்தம் ஐம்பதுக்கு மேல் ஆயிற்று. ஒரு ஆளால் மூன்று மாதத்திலும் முடியாத வேலை. ஹலீமா பீ கடிதத்தை இரண்டாம் தரம் படிக்கச் சொன்னார், மூன்றாம் தரமும் படிக்கச் சொன்னார். ரஃபி பாய் வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் ஏப்ரல் ஒண்ணாம் தேதி. வெள்ளிக்கிழமை. தொட்டிக்கு ஆள் வரவில்லை என்று மேஸ்திரி இஷ்தியாக் அகமது பொழுது விடிந்ததும் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். வாக்குக் கொடுத்த மனுஷனாச்சே, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்ற கவலை. நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ரஃபி பாய் உள்ளேயிருந்து வந்தார். முழங்கை வரைக்கும் ஈரம், கையில் மூங்கில் சீவல்.

“மன்னிச்சுக்குங்க மேஸ்திரி. நான் வேற எடத்துல வேலைக்குச் சேர்ந்துட்டேன்” என்றார்.

மேஸ்திரிக்குப் புரியவில்லை. எந்த ஷாப், எந்த முதலாளி என்று கேட்டார். நம்மைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறானா என்றும் கேட்டார்.

ரஃபி பாய் வாசலில் தொங்கிய திரையைக் காட்டினார். “என் வீட்டம்மாகிட்ட. தெரியாத வேலை, இப்பதான் கத்துக்கறேன்.”

அதுவரைக்கும் அந்த வீட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து எங்கள் அப்பாவைத் தவிர அன்னிய ஆண் யாரும் ஹலீமா பீயின் குரலைக் கேட்டது கிடையாது. அன்றைக்குத் தெரு முழுக்கக் கேட்டது. அழுதுகொண்டுதான் பேசினார், ஆனாலும் தெளிவாகக் கேட்டது.

“மேஸ்திரி, அவரை சீக்கிரம் உள்ள அனுப்புங்க. பாதியில விட்டா குடல் காஞ்சுடும்.”